கடலூர் ஓ.டி.

ஓ.டி., ஓ.டி., ஓ.டி. இறங்கு
என்று கூவுகிறார் கண்டக்டர்.
பழைய டவுனைத்தான் இந்த ஊர்
இப்படிச் சுருக்கி வைத்திருக்கிறது.
எனக்கு மட்டும்
டபுள் சம்பளம் என்று கேட்கும்.

நான் அதற்கும் தள்ளி இறங்குகிறவள்.
சிப்காட்டில் ஒரு மருந்துக் கம்பெனி, டைம் ஆபீஸ்.
பதினோரு வருஷமாக
அடுத்தவர்களின் மணியை எண்ணுகிறேன்.
யார் எட்டு, யார் பன்னிரண்டு,
யார் பதினாறு.

எட்டோடு கிளம்புகிறவனை
"என்னய்யா, அரைநாள் லீவா?" என்பார்கள் கேட்டில்.
சிரிப்பார்கள். நானும்தான் சிரித்தேன்.
அந்தச் சிரிப்புக்குப் பயந்தே
எட்டைப் பத்தாக்கிக்கொண்டவர்கள் உண்டு,
துடைத்த வால்வையே துடைத்துக்கொண்டு.

கலியமூர்த்தி அப்படியில்லை.
அவருக்கு நிஜமாகவே வேலை இருந்தது.
ஆள் வராத ஷிப்ட் எல்லாம்
அவர் பெயரில்தான் விழும்.
ரியாக்டர் பக்கத்தில் நின்றபடியே தூங்கத் தெரியும்,
முள் சிவப்பைத் தொடும் முன் விழிக்கவும்.
ஒரு பொங்கலுக்கு மேடையேற்றி
குக்கர் கொடுத்தார்கள், ஐந்து லிட்டர்.
"இவரைப் பாருங்கள்" என்றார் மேனேஜர்.
பார்த்தோம்.
அவர் குக்கரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு
மணி பார்த்தார்.

விரல் வைக்கும் மெஷின் வந்த வாரம்
எல்லோருக்கும் தேங்க் யூ சொன்னது, பெண் குரலில்.
அவருக்கு மட்டும்
ட்ரை அகெய்ன்.
துடைத்துவிட்டு வைத்தார். ஊதிவிட்டு வைத்தார்.
இடது கை. மோதிர விரல். சுண்டு விரல்.
ட்ரை அகெய்ன்.
பிடித்துப் பார்த்தேன்.
இருபத்திரண்டு வருஷம் சால்வென்ட்டில் ஊறியதில்
ரேகை என்று எதுவுமில்லை,
வெங்காயத்தின் உள்தோல் மாதிரி வழவழப்பு.
அந்த மாத ரிப்போர்ட்டில்
கம்பெனியிலேயே அதிகம் உழைத்த ஆள்
முப்பது நாளும் ஆப்சென்ட்.

கையால் எழுதித் திருத்தினேன்.
பக்கத்தில் நின்று கூச்சத்தோடு சொன்னார்:
"போன ஞாயிறு நாலு மணி நேரம் எக்ஸ்ட்ரா,
மறந்துடாதம்மா."

மறக்கவில்லை.
அவர் போன பிறகு
என் காலத்து ஏடுகளை மட்டும் எடுத்து
அவர் ஓ.டி.யைச் சும்மா கூட்டிப் பார்த்தேன்.
பதிமூன்றாயிரத்து இருநூறு மணி.
ராவும் பகலுமாக ஒன்றரை வருஷம்.
ஒரு பிள்ளை பிறந்து, நடக்கப் பழகி,
கையைத் தட்டிவிட்டு "போ" என்று சொல்லும் காலம்.

அன்று ஐந்து மணிக்கு எழுந்துவிட்டேன்.
"உடம்பு சரியில்லையா மேடம்?" என்றார் வாட்ச்மேன்.
பஸ் ஜன்னலில் உப்பனாறு பளபளத்தது,
எண்ணெயா வெயிலா தெரியவில்லை.
மஞ்சக்குப்பத்தில்
கீழ்வீட்டு ஜெயசீலி ஓடிவந்தாள்:
"யாருக்கு என்ன ஆச்சு?"
வீட்டுக்காரர் செய்தியின் சத்தத்தைக் குறைத்தார்.
"எடுத்துட்டாங்களா?"

இல்லை என்று சொல்லி
அடுப்படிக்குப் போனேன்.
ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்துச் சுவரில்
ஒரு முழ நீளத்துக்கு வெளிச்சம்.
குடிவந்து ஆறு வருஷம்.
தினமும் வந்துபோயிருக்கிறது போல.
நின்று பார்த்தேன்,
நாலு நிமிஷம் இருக்கும். எண்ணாமல் இருக்க முடியவில்லை.
பிறகு கை சும்மா இருக்கமாட்டேன் என்றது.
பீரோவை அடுக்கினேன்.

மறுநாள் வழக்கம்போல எட்டே முக்கால் பஸ்தான்.
ராத்திரி எட்டே முக்கால்.

அடுத்த மாதம் விரல் வேண்டாமாம்,
முகத்தைக் காட்டினால் போதுமாம்.
சர்க்குலரை நோட்டீஸ் போர்டில் குத்திக்கொண்டிருந்தேன்.
இரண்டாவது ஷிப்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில்
டீயோடு வந்து நின்ற கலியமூர்த்தி
எழுத்துக்கூட்டி முழுசும் படித்தார்.
பிறகு கேட்டார்:
"கண்ணைத் தொறந்தே வெச்சிருக்கணுமாம்மா?
எவ்ளோ நேரம்?"